மீட்டரில் ரேடியம் இருக்கா?

திருச்சி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் கடப்பிதழைப் புரட்டியபடி, "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். உறவினர் கல்யாணம் என்றோ கோயில் தரிசனம் என்றோ சொல்லியிருந்தால் முத்திரை உடனே விழுந்திருக்கும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. உள்ளதைச் சொன்னேன்.

"ஒரு மீட்டர் எடுக்க வந்தேன்."

"கரண்டு மீட்டரா?"

"கார் மீட்டர். எஞ்சின் எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டும். ரொம்பப் பழைய இங்கிலீஷ் கார். ரெண்டு பேர்தான் உட்காரலாம்."

"ஏன் சார், மலேசியாவுல மீட்டர் கெடைக்காதா?"

அதற்கு முறையாகப் பதில் சொல்ல அரைமணி நேரமாவது வேண்டும். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் என்னை ஒருமுறை இரக்கத்தோடு பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

அவரிடம் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் பினாங்கில் பல் வைத்தியன். என் வீட்டுப் போர்ச்சில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பல வருடங்களாக நிற்கிறது. நிற்கிறது என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினைக் கிளப்பி, சத்தத்தைக் கேட்டு, புகையைப் பார்த்து, அணைத்துவிடுவேன். சாலை வரியை மட்டும் ஓடுகிற வண்டிக்குக் கட்டுவதுபோல ஒழுங்காகக் கட்டிவருகிறேன். அதன் டேஷ்போர்டில் இருக்கும் ஒவ்வொரு மீட்டரும் ஒவ்வொரு நாட்டிலிருந்து வந்து, என் கிளினிக்கில் பல் குடையும் கருவிகளால் சுத்தம் செய்யப்பட்டவை. ஆர்.பி.எம். மீட்டர் மட்டும் கிடைக்கவில்லை. அது இருக்கவேண்டிய பெரிய வட்ட ஓட்டையில் என் மனைவி கோகிலா ஒருநாள் பிளாஸ்டிக் பூங்கொத்து ஒன்றைச் செருகிவைத்தாள். அதைக் கிண்டல் என்று நான் புரிந்துகொள்ளவே இரண்டு நாள் ஆயிற்று.

கோகிலாவின் காருக்குப் போர்ச்சில் இடமில்லை. அது வெயிலிலும் மழையிலும் தெருவில் நிற்கும். இந்த நிலையில் ஈப்போவிலிருந்து ஒரு சீனர், பழைய கார்கள் சேகரிப்பவர், வண்டியைக் கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டார். கோகிலா தீர்ப்புச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் காரைக் காடி என்போம். "இதுதான் கடைசி மீட்டர்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இது வந்தா காடி ரோட்டுல ஓடணும். இல்லன்னா அந்த ஈப்போக்காரர் வந்து ஏத்திக்கிட்டுப் போகட்டும்." நான் ஊர் திரும்பிய மறு ஞாயிறு அவரை வரச்சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டாள்.

நான் தைரியமாகச் சம்மதித்ததற்குக் காரணம் ஒரு புகைப்படம். மீட்டர் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் யாரோ எங்கிருந்தோ வந்த படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர்ப் பக்கம் ஒரு வயலில் பம்பு செட்டுக் கொட்டகை. உள்சுவரில் ஆணியில் என் மீட்டர் தொங்கியது. என் காரைப் போன்ற ஒன்று எங்கோ உடைபட்டு, அதன் எஞ்சின் கிணற்றுத் தண்ணீர் இறைக்க வந்திருக்கிறது. எஞ்சின் இரும்புக்கடைக்குப் போய்ப் பல காலமாயிற்று. மீட்டர் மட்டும் ஆணியில் தங்கிவிட்டது.

கொட்டகைக்காரர் பெயர் ஆரோக்கியசாமி. போனில் பிடித்தேன். "சும்மா கெடக்குதுங்க, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். நான் அத்தோடு நன்றி சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் காலத்து மீட்டர்களில் இருட்டில் தெரிவதற்காக எண்களின் மேல் நிஜமான ரேடியம் கலந்த பூச்சைத் தடவியிருப்பார்கள். இப்போது அது சுருட்டுக் குடிப்பவரின் பல்லைப் போலப் பழுத்திருக்கும். அந்தப் பழுப்புதான் அசல் என்பதற்கு அத்தாட்சி. புதிதாக வண்ணம் அடித்தால் சேகரிப்பவர்கள் கண்ணில் அது பொய்ப்பல்.

"நம்பர்ல ரேடியம் இருக்கா?" என்று கேட்டேன்.

"ரேடியமாங்க?"

"ஆமா. அதுதான் ரொம்ப முக்கியம்."

"நீங்க வரும்போது இருக்கும்ங்க."

என்ன நகைச்சுவை உணர்வு என்று கோகிலாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

புதுக்கோட்டையில் முதல் நாள் மாலை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் பழக்கதோஷத்தால், "தே ஓ இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் பால் இல்லாத டீக்கு அதுதான் பெயர். கடைக்காரருக்கு நான் கேட்டது என்னவென்றே தெரியாது. ஆனாலும், "போட்டுருவோம்ங்க" என்றார். வந்தது நிறையப் பாலும் ஆடையும் மிதக்கும் டீ. லாட்ஜில் வெந்நீர் இருக்கா என்று கேட்டேன். "வந்துரும் சார்" என்றார் மேலாளர். நான் ஊரை விட்டுக் கிளம்பும்வரை வரவில்லை. பினாங்கில் கடைக்காரர்கள் 'இல்லை' என்பதை உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிப்பார்கள். இங்கே வாசலுக்கு வந்தவரிடம் அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கும் நா எழவில்லை. இதை நான் ஒரு இனிய பண்பாட்டுக் குறிப்பாக மனத்தில் எழுதிக்கொண்டேன். அதற்கும் என் மீட்டருக்கும் உள்ள சம்பந்தம் புரியவில்லை. படித்தவன் என்று பெயர்.

இரவுச் சாப்பாடு பரோட்டாவும் முட்டை மாஸும். வேகவைத்த முட்டையைத் துண்டு துண்டாக்கி வெங்காயம் தக்காளியோடு மசாலாவில் புரட்டியது. எங்கள் ஊர் நாசி கண்டார் சாதத்தைப் பற்றி நான் இதுவரை அடித்துவந்த பெருமையில் பாதியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஆவூர் போக ஓர் ஆட்டோ பேசினேன். ஓட்டுநர் முருகேசன் நான் வெளிநாடு என்றதும், "அப்ப குடுமியான்மலைக்குத்தானே?" என்றார்.

"இல்ல, ஆவூர்."

"போற வழிதான் சார். ஃபாரின்லேர்ந்து வர்றவுக எல்லாம் அங்கிட்டுப் போகாம போனதில்ல."

போகிற வழி அல்ல என்பது போனபிறகு தெரிந்தது. குன்றின் பாறையில் வெட்டிய சங்கீதக் கல்வெட்டின் முன்னால் என்னை நிறுத்தினார். ஒரு எழுத்தும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. "அம்புட்டும் சங்கீதம் சார்" என்றார் முருகேசன் கைகட்டியபடி. இத்தனை காலம் யாரும் இந்த எழுத்துகளைச் சுரண்டிப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது நடுவழியில் ஆட்டோவின் கிளட்ச் ஒயர் அறுந்தது. என் வாழ்நாள் ஆசைகளில் ஒன்று, நடுரோட்டில் நின்ற வண்டியை என் கையால் சரிசெய்து கிளப்புவது. பையில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் இருந்தது. அதைப் பல மடிப்பாக முறுக்கிக் கட்டினேன். முருகேசன் மரியாதைக்காகச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்சைப் பிடித்ததும் புதினா வாசனையோடு அது அறுந்தது. "சார், நீங்க அப்படி ஓரமா நெழல்ல நில்லுங்க" என்றார். பிறகு கடலை மூட்டை ஏற்றிவந்த ஒரு மினி வேனை மறித்து என்னை ஏற்றிவிட்டார். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பஸ் நிறுத்தம்வரை போனேன். அங்கிருந்து ஆவூர் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். சட்டைப்பைக்குள் கடலைத்தோல் புகுந்திருந்தது.

ஆரோக்கியசாமி நிறுத்தத்தில் மொபெட்டோடு காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். குவைத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து இப்போது கடலையும் கொஞ்சம் பூவும் போடுகிறார். வீட்டுக்குப் போனதும் நான் மீட்டரைக் கேட்டேன். "மொதல்ல இங்கிட்டு ஒக்காருங்க. மீட்டர் எங்க போயிறப் போவுது?" என்றார். உள்ளே இருந்து அவர் மனைவி சகாயமேரி, "எலை போட்டாச்சு, வாங்க" என்றார். நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம், சேமியாப் பாயசம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் தங்கள் கொட்டகைச் சுவரைத் தேடி வந்ததில் இருவருக்கும் தாங்கமுடியாத சந்தோஷம். எனக்குச் சோறு இறங்கவில்லை. பல வருடம் தேடிய பொருள் அடுத்த அறையில் இருக்கும்போது யாருக்கு இறங்கும்?

கை கழுவியதும் ஆரோக்கியசாமி துணியில் சுற்றிய மீட்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். விளக்கை அணைத்தார். அறை இருண்டது. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"இப்பப் பாருங்க" என்று துணியை விலக்கி, போன் டார்ச்சை அடித்தார்.

இருட்டுக்குள் பச்சை எண்கள் பளீரென்று எரிந்தன. பத்து, இருபது, முப்பது என்று அறுபதுவரை. லாரிகளின் பின்பக்கத்தில் மின்னும் அதே பச்சை. அவற்றுக்குக் கீழே, மீட்டர் செய்த கம்பெனியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், வளைவாக இரண்டு சொற்கள் ஜொலித்தன: மாதா துணை.

"நீங்க போன்ல கேட்டீகல்ல, ரேடியம் இருக்கான்னு? இம்புட்டுத் தூரத்துலேர்ந்து கேக்குறாரு, இல்லேன்னு சொல்ல மனசு வரலைங்க. கீரனூர்ல ஸ்டிக்கர் கடையில குடுத்து ஒட்டிட்டேன். பழைய நம்பரெல்லாம் மஞ்சளா அழுக்கேறிக் கெடந்துச்சு. அதெல்லாம் பிளேடு போட்டு நல்லா சொரண்டி எடுத்துட்டாரு. மாதா துணை அவரு சும்மா ஒட்டிக் குடுத்தது."

தமிழ்நாட்டில் ரேடியம் என்றால் வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் என்பது, அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது, அந்த இருட்டில்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கடைக்காரர் வாழ்நாளெல்லாம் ரேடியம் ஒட்டியவர். நிஜ ரேடியத்தை அவர் தொட்டது அன்று ஒருநாள்தான், அதுவும் சுரண்டி எறிவதற்கு. சுரண்டிய தூளை என்ன செய்தார் என்று கேட்டேன். "ஊதிவிட்டுட்டாருங்க." அது உடம்புக்கு ஆகாத சமாச்சாரம், இருவரும் கையையும் பிளேடையும் நன்றாகக் கழுவவேண்டும் என்று ஒரு வைத்தியனாகச் சொன்னேன். "அழுக்குதானே" என்றார் அவர்.

உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது, ஆனால் அதை யார்மேல் போடுவது? அதுதான் ரொம்ப முக்கியம் என்று சொன்னவன் நான். சகாயமேரி விளக்கைப் போட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏங்க, நல்லா இல்லைங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். நானும் அந்த ஊர்க்காரனாகிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர்கள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு கிண்ணம் பாயசம் வந்தது.

"இந்த மீட்டர் இல்லாம அந்தக் கார் ஓடாதுங்களா?" என்று சகாயமேரி கேட்டார்.

"ஓடும்."

"அப்பறம் ஏங்க இம்புட்டு வருசமா ஓட்டல?"

பாயசம் பிரமாதம் என்று சொன்னேன். பணம் என்ற பேச்சை எடுத்ததும் ஆரோக்கியசாமி காதைப் பொத்திக்கொண்டார். பினாங்கிலிருந்து கொண்டுபோன பயற்றம்பருப்பு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பிவரும் பஸ்ஸில் சகாயமேரிக்குப் பல பதில்கள் யோசித்தேன். வண்டி முழுமையாகவேண்டும், ஓட்டினால் தேயும், மழைக்கு ஆகாது. எதையும் அந்த அம்மாவிடம் சொல்லி நிற்க முடியாது. பயம்தான் காரணம். அது ரோட்டில் இறங்கிவிட்டால் நான் தேடுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. இத்தனை பேரைத் தொந்தரவு செய்து, கோகிலாவின் காரை மழையில் நிறுத்தி, நான் வளர்த்தது இந்தப் பயத்தைத்தான். மீன் விற்றுத் திரும்பும் ஒருவரின் கூடை காலடியில் நசநசத்துக்கொண்டிருந்தது. நான் நகர்ந்து உட்காரவும் இல்லை.

அடுத்த நாள் லாட்ஜ் அறையில் மீட்டரைப் பிரித்தேன். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. சொத்தைப்பல் குடைவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். முள்ளைப் பிடித்திருக்கும் முடிபோன்ற சுருள்வில் பழுதில்லாமல் இருந்தது. ஒரு துளி கைக்கடிகார எண்ணெய் விட்டேன். ஸ்டிக்கரின் ஓரத்தை ஊசியால் நெம்பிப் பார்த்தேன். அடியில் வெறும் தகரம். காப்பாற்ற எதுவும் இல்லை. தூக்கிய ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டிவிட்டேன்.

முள் அசைகிறதா என்று பார்க்க எதிர் ஹார்டுவேர் கடையில் டிரில் மெஷின் கேட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மீட்டர் கேபிளை மாட்டிச் சுற்றினேன். முள் ஒரு மயிரிழையும் நகரவில்லை. வேகத்தைக் கூட்டினேன். உள்ளே ஏதோ முனகியது. இடிந்துபோய் நின்றேன். கடைக்காரர், "சார், ரிவர்ஸ்ல கெடக்கு" என்று டிரில்லின் பொத்தானைத் தட்டினார். முள் எழுந்து முப்பதில் போய் நின்று நடுங்கியது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். பெயிண்டு வாங்க வந்திருந்த ஒருவரும் சேர்ந்து தட்டினார்.

ரேடியத்தைச் சுரண்டியாயிற்று என்றாலும் திரும்பும் விமானத்தைப் பற்றிய பயம் மட்டும் போகவில்லை. கதிர்வீச்சுள்ள பொருளை வைத்திருக்கிறேன் என்று பிடித்தால் என்ன சொல்வதென்று வீட்டிலேயே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். பாதுகாப்புச் சோதனையில் ஒரு பெண் காவலர் பையைத் திறக்கச் சொன்னார்.

"என்னங்க இது, ரேடியமா?"

"ஆமா" என்றேன், மனப்பாடம் செய்த பக்கத்தின் முதல் வரியைத் தேடியபடி.

"நல்லா ஒட்டியிருக்காங்க. நைட்டுல சூப்பரா தெரியும்" என்று அந்த அம்மா பையை மூடிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மீட்டரைப் பொருத்தினேன். கோகிலா வந்து குனிந்து பார்த்தாள். "மாதா துணையா? யாரு துணையா இருந்தா என்ன, நல்லதுதானே" என்றாள். ஞாயிறு காலை ஈப்போக்காரர் பூதக்கண்ணாடியோடு வந்தார். சிவப்பு வண்ணத்தைத் தடவினார், கதவு மூடும் சத்தத்தைக் கேட்டார், தலையாட்டிக்கொண்டே இருந்தார். டேஷ்போர்டுக்கு வந்ததும் தலை நின்றது.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று மலாயில் கேட்டார்.

"அம்மாவின் துணை."

"யாருடைய அம்மா?"

மாதா எல்லோருக்கும் அம்மா என்று விளக்க முயன்றேன். அவர் கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டார். அசல் கெட்டுப்போன வண்டி எனக்கு வேண்டாம், பாவம், நல்ல வண்டி, கெடுத்துவிட்டீர்கள் என்று ஒரு மரணவீட்டில் பேசுவதுபோல மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டு வைத்துக்கொண்டேன்.

கோகிலா போர்ச்சில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியைத் தள்ளிவிடத் துடித்தவள் அவள்தான். ஆனால் இன்னொருவர் அதைக் கெட்டுப்போனது என்றது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க கெட்டுப்போச்சு? சாவியக் கொடுங்க."

"கியர் கொஞ்சம் முரடு, பழகாதவங்களுக்கு..."

"கொடுங்கலா!" கோபம் வந்தால் எங்கள் ஊர் 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும்.

கொடுத்தேன். உட்கார்ந்தாள். கிளப்பினாள். பச்சை எண்களின் மேல் முள் எழுந்தது. "என் காடிய உள்ள விட்டுருங்க" என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கினாள். முப்பதுக்கு மேல் முள்ளை ஏற்றாதே என்று நான் கேட் வரை ஓடினேன். அவள் இரண்டாவது கியருக்கு மாறிய சத்தம் கேட்டது. அந்தக் காரின் இரண்டாவது கியர் எப்படி ஒலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வெகுநேரம் கழித்து வந்தாள். தலைமுடி கலைந்து, முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்து இருக்கையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் பாதித் தர்பூசணியும் இருந்தன. வழியில் மூன்று பேர் நிறுத்திப் படம் எடுத்தார்களாம். எதிர்வீட்டம்மாவை ஒரு சுற்று ஏற்றிப்போனாளாம். பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறாமையாக இருந்தது. இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டு என்னதான் செய்தேன் என்று இருந்தது.

மறுநாள் கிளினிக்குக்கு அதில்தான் போவது என்று முடிவெடுத்தேன். காலையில் எழுந்து குளித்து, நல்ல சட்டை ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டி இல்லை. கோகிலா சந்தைக்குப் போயிருந்தாள்.